இருளைப் பாடிய பாட்டு

‘டுன்கல்ஹைட்’ என்பது ஜெர்மானியச் சொல். இருள் என்பது பொருள். நார்வே நாட்டுப் பெர்கன் நகரத்தவரான வார்க் விக்கர்நெஸ், ‘பர்சம்’ என்ற பெயரில் தனியொருவராய் இசைத்த ‘பிலோசோபெம்’ இசைத்தட்டின் முதற்பாட்டு அது. 1993 மார்ச்சில் பதிவாகி 1996இல் வெளிவந்தது. பிளாக் மெட்டல் எனப்படும் இசையில், சூழலையே உயிராகக் கொண்ட கிளைக்கு இதனை மூலப்பாட்டாகக் கொள்வோர் பலர். புதிதாகக் கேட்பவர்க்கு வெறும் இரைச்சலாகப் படும், அதில் வியப்பில்லை.

பாட்டின் பொருள் மிகச் சிறிது. இரவு ஒரு பெண்ணாக வந்து உலகைப் போர்த்துகிறாள். மண்ணிலிருந்து குளிர் கிளம்புகிறது. அவ்வேளையில் வாழ்வு வேறொன்றாகத் தோன்றுகிறது. கதை இல்லை, காதல் இல்லை, பகைகூட இல்லை. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள் மட்டும் நிற்க, உரிப்பொருள் கேட்பவன் நெஞ்சுக்கே விடப்பட்டது எனலாம். அஞ்சத்தக்க இருள் இங்கே ஆறுதலாகிறது.

இசையும் இதற்கு இயைந்தது. கித்தார் ஒரே வரிசையை மெல்லத் திரும்பத் திரும்ப மீட்ட, அதன்மேல் கீபோர்டின் சில சுரங்கள் தொலைவில் மணியடிப்பதுபோல் விழுகின்றன. கித்தாரைச் சகோதரரின் ஸ்டீரியோப் பெட்டி வழியாக ஒலிக்கச் செய்ததாகவும், உள்ளவற்றுள் மட்டமான ஒலிவாங்கியையே வேண்டிப் பெற்றுப் பாடியதாகவும் விக்கர்நெஸ் பின்னாளில் கூறியுள்ளார். பழுதென்று பிறர் ஒதுக்குவது இங்குப் பண்பாயிற்று. முதலில் அலுப்புத் தட்டும். அதைக் கடந்துவிட்டால் ஒருவகை அமைதி கூடும். ஏழு நிமிடம் நீளமன்று என்பது அப்போதுதான் விளங்கும்.

‘பர்சம்’ என்பதும் இருளே. மொழிநூலறிஞர் டோல்கீன் 1954–55இல் வெளியிட்ட பெருங்கதையில், தீயோர்க்கென ஆக்கிய மொழியின் சொல் அது. டோல்கீனோ பக்திமிக்க கத்தோலிக்கர். அச்சொல்லைச் சூடியவரோ தேவாலயங்களைக் கொளுத்தியவர்!

ஒலிப்பதிவு முடிந்து ஐந்து மாதத்தில், 1993 ஆகஸ்டில், சக இசைஞர் ஓய்ஸ்டைன் ஆர்சேத்தை விக்கர்நெஸ் கொன்றார். கொலைக்கும் எரிப்புக்குமாக 1994இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2009இல் வெளிவந்தார். 2014இல் பிரெஞ்சு நீதிமன்றம் இனப்பகையைத் தூண்டிய குற்றத்திற்கும் அவரைத் தண்டித்தது.

பாட்டு வேறு, பாடியவன் வேறு என்று கூறி அமைவோர் உளர். அது பாதி உண்மையே. பாட்டின் சொற்களில் வெறுப்பில்லை என்பது மெய்தான். ஆயினும், மனிதரே இல்லாத உலகை இத்துணை அழகாகக் காட்டிய பாட்டு, மனித உயிரை மதியாத ஒருவரிடம் பிறந்தது தற்செயலன்று. இசைத்தட்டின் அட்டையிலுள்ள கிட்டெல்சனின் ஓவியத்திலாவது, ஒரு பெண் மலையை நோக்கி நெடுங்கொம்பு ஊதுகிறாள். பாட்டிலோ அவளுக்கும் இடமில்லை. மாணவன் இதனைக் கேட்பதைத் தடுத்துப் பயனில்லை. ஆனால் மேற்கண்ட ஆண்டுகளைச் சொல்லாமல் பாராட்டுவது ஆசிரியர்க்கு அழகன்று.

வடிவம் மட்டும் தன்னை ஆக்கியவரை விட்டு வெகுதூரம் போய்விட்டது. கலிபோர்னியாவின் ‘சஸ்தூர்’ அதில் தனிமைத் துயரை வைத்தது. வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியா நகரின் ‘வுல்வ்ஸ் இன் த த்ரோன் ரூம்’ குழுவினர், அதே மூட்டத்தையும் அதே திரும்பலையும் எடுத்து, தம் ஊர்க் காடுகளை வணங்கிப் பாடினர்.