சந்திரபாபுவின் காலைப் பாருங்கள்

ஜே.பி. சந்திரபாபு என்றதும் பேச்சு கடைசியிலிருந்துதான் தொடங்கும்: முறிந்த கல்யாணம், குடி, எம்.ஜி.ஆரை வைத்து எடுக்கத் தொடங்கி நின்றுபோன ‘மாடி வீட்டு ஏழை’, 1974இல் 46 வயதில் சாவு. இதையெல்லாம் கேட்டுவிட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தால் அவர் சறுக்கி விழும்போது சிரிப்பு வராது. ‘உச்சு’க் கொட்டத்தான் தோன்றும். ஆர்மீனியர்கள் ‘ஃப்ருன்சிக்’ என்று செல்லமாகச் சொல்லும் நகைச்சுவை நடிகர் மகர்த்சியனுக்கும் இதே கதிதான். அவர் நடித்த ‘மிமினோ’ படத்தில் (1977) தொடங்கும் பேச்சு அவர் வீட்டுத் துயரத்தில் போய் நின்றுவிடும். கலைஞனுக்கு நாம் செய்யும் மரியாதை இதுவல்ல. முதலில் வேலையைப் பார்ப்போம்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிது. தப்பு மேளம் அதிரும்போது ஆடுகிறவரின் காலைப் பார்க்கத் தெரிந்த கண் அவர்களுடையது. அதே கண்ணோடு ‘சபாஷ் மீனா’வை (1958) பாருங்கள். சந்திரபாபுவுக்கு அதில் இரட்டை வேடம். அதில் ஒருவன் ரிக்‌ஷாக்காரன். அவன் பேசும் மெட்ராஸ் பாஷையில் மயங்காமல், ஒலியை அணைத்துவிட்டு நடையையும் நிற்கும் விதத்தையும் மட்டும் கவனியுங்கள். முகம் ஒன்றேயானாலும் ஆள் வேறு என்று உடம்பே சொல்லும். ‘சகோதரி’யில் (1959) அவர் பால்காரராக வருவது, படம் முடிந்த பிறகு அது சப்பென்றிருக்கிறதென்று ஒட்டவைத்த பகுதி. கதையோடு சேரவில்லை என்ற குறை நியாயம்தான். ஆனால் ஒட்டுப்போட்ட துணியே பளிச்சென்று தெரிந்தால் யாரைக் குறை சொல்வது?

எல்லாம் வெள்ளைக்காரன் பாணி என்பார்கள். தூத்துக்குடியில் பிறந்தவர், பிரிட்டிஷ் அரசு தந்தையை நாடு கடத்தியதால் கொழும்பில் வளர்ந்தவர். மேல்நாட்டுச் சங்கீதம் காதில் ஏறியதில் வியப்பில்லை. தொண்டையை உடைத்துப் பாடும் யோடலிங் கடன் வாங்கியதுதான். ஆனால் அந்த உடைசலுக்கு நடுவிலும் தமிழ்ச் சொல் ஒன்றுகூடச் சிதையாது. ‘புதையல்’ (1957) படத்தில் அவர் பாடிய பாட்டைக் கேட்டாலே போதும்.

சரி, ‘அன்னை’யில் (1962) அவர் பாடும் விரக்திப் பாட்டு சொந்தக் கதைதானே என்று கேட்கலாம். அந்த வரிகள் கண்ணதாசனுடையவை. படம் வந்தபோது சந்திரபாபுவுக்கு வயது 35தான். மார்க்கெட் உச்சத்தில் இருந்தது. அவரே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) வர இன்னும் நான்கு வருடம் இருந்தது. பின்னால் வந்த துன்பத்தை முன்னால் பாடிய பாட்டுக்குள் திணிப்பது நாம்தான். அவர் அந்தப் பாட்டில் அழவேயில்லை, குரலில் ஒரு நக்கல் ஓடிக்கொண்டேயிருக்கிறது.