பங்குத்தந்தையின் கைபேசி

ஆக்லாந்தின் எப்சமில் பான்ஃப் அவென்யூவிலுள்ள திருஇருதய அன்னை ஆலயத்தில் ஞாயிறு காலைத் திருப்பலி தொடங்கும்போது தமிழ்நாட்டில் இன்னும் விடிந்திருக்காது. அன்று பிற்பகல் நம் வீடுகளில் இன்னொரு பூசை தொடங்கும். ஊரில் காலை ஆறு மணிப் பூசை என்றால் இங்கே கோடைக்காலத்தில் ஒன்றரை மணி. வேளாங்கண்ணியோ சொந்த ஊர்க் கோவிலோ, யூடியூபில் நேரலை வந்துவிடும். எங்கள் வீட்டில் கைபேசியை அஞ்சறைப்பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டுக் குழம்பைக் கவனிப்போம். ஒரு ஞாயிறன்று குருவானவர் அப்பத்தை உயர்த்தும் நேரத்தில் சோப்பு விளம்பரம் குறுக்கே வந்தது. அது முடிந்தபோது இரசக் கிண்ணம் பீடத்தில் இறங்கியிருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றேன். காலையில் பங்குக் கோவிலுக்குப் போகாமல் இதைப் பார்த்தே கடமை முடிந்தது என்றிருந்த ஞாயிறு அது.

குருக்கள் சமூக ஊடகத்துக்கு வரலாமா என்ற கேள்விக்குத் திருச்சபை எப்போதோ விடை சொல்லிவிட்டது. 2010-ஆம் ஆண்டின் உலகத் தொடர்பு நாள் செய்தியைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் குருக்களுக்கென்றே எழுதினார். புதிய ஊடகங்களை அருள்வாக்குக்குப் பயன்படுத்துங்கள், ஆனால் ஊடகத் திறமையைவிட உங்கள் குருத்துவ இதயமே முன்னே தெரியட்டும் என்பது அதன் சாரம். 2012 டிசம்பரில் அவரே ட்விட்டருக்கு வந்தார். நமக்கு மிஞ்சியிருப்பது நடைமுறைக் கேள்வி: ஒரு பங்குத்தந்தை தம் மக்களோடு இதை எப்படிப் புழங்குவது?

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 25 நள்ளிரவில் கொரோனாவால் நியூசிலாந்து முழுவதும் அடைபட்டது. ஏப்ரல் 12-இல் வந்த உயிர்ப்புப் பெருவிழா ஆலயத்தில் மக்கள் இல்லாமலே கடந்தது. 2021 ஆகஸ்டில் ஆக்லாந்து மறுபடி அடைபட்டு, நூறு நாட்களுக்கு மேல் அப்படியே கிடந்தது. வெளிநாட்டினருக்கு எல்லையும் மூடியிருந்தது. ஊரில் அப்பா இறந்தால் போக முடியாது. போனால் எப்போது திரும்பலாம் என்று தெரியாது. அந்த நாட்களில் ஏதோ ஒரு கடற்கரைக் கிராமத்தின் பங்குத்தந்தை, பீடத்தின் ஓரத்தில் யாரோ ஒரு பையனிடம் கைபேசியைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி அடக்கப் பூசையை அனுப்பி வைத்தார். படம் ஆடியது, ஒலி விட்டுவிட்டு வந்தது. இங்கே ஒரு மகன் நடுநிசியில் முழந்தாள்படியிட்டு அதைப் பார்த்தான். மறையுரையின் நடுவே அந்தக் குரு கேமராவைப் பார்த்து, “ஆக்லாந்தில் இருக்கிற தம்பி, அப்பாவுக்காக நாங்கள் எல்லாரும் இங்கே நிற்கிறோம்” என்றார். சமூக ஊடகத்தால் ஒரு குரு செய்யக்கூடிய மிகப்பெரிய பணி அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. அவருக்குப் பார்வையாளர் எண்ணிக்கை பொருட்டில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் யார் என்று அவருக்குத் தெரியும்.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. முடக்கம் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. ஞாயிறு காலை மழை என்றால் நேரலை, பிள்ளைக்கு விளையாட்டு என்றால் நேரலை. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை 2002-லேயே எழுதிவிட்டது. நற்கருணை கையில் வாங்கி உண்பது. நோயில்பூசுதலுக்கு எண்ணெய் தொட்ட விரல் வேண்டும். 2023 மே மாதம் வந்த ‘முழுமையான பிரசன்னத்தை நோக்கி’ என்ற ஆவணமும், திரை வழியாக ஒரு விருந்தைப் பகிர முடியாது என்று அதையே வேறு சொற்களில் சொல்கிறது. நல்ல சமாரியரின் உவமையை அது மையமாக எடுத்துக்கொண்டது பொருத்தமே. சமாரியர் அடிபட்டவனைப் பார்த்ததோடு நிற்காமல் அருகில் போனார்.

ஊரில் அன்பியம் இருக்கிறது. இருபது முப்பது குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும்போது யார் வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். ‘அக்கா ஏன் வரல? காய்ச்சலா?’ என்று மறுநாளே ஆள் போகும். முகநூல் பக்கம் வந்தவர்களை எண்ணும், வராதவர்களைச் சொல்லாது. 2023 கணக்கெடுப்பில் 51.6 விழுக்காட்டினர் மதம் எதுவும் இல்லை என்று பதிந்த நியூசிலாந்தில், வராதவரைத் தேடுவதுதான் பங்குத்தந்தையின் முதல் வேலை என்பேன்.

அதனால் என் கணிப்பில் யூடியூபைவிட வாட்ஸ்அப் குழுவே ஒரு பங்குக்கு அதிகம் உதவும். பூசை நேரம் மாறியது, கார் இல்லாத பாட்டியை யார் அழைத்து வருவது, யார் மருத்துவமனையில் என்பவை அங்கே நிமிடத்தில் போய்ச் சேரும். ஆனால் அதற்குக் காவல் வேண்டும். நான் இருந்த ஒரு குழுவில் நாளுக்கு நாற்பது செய்தி வரும். பூப்படத்தோடு காலை வணக்கம், ஆதாரமற்ற அற்புதக் கதை, ஊர் அரசியல். ஒரு தாய்க்கு அவசரமாக இரத்தம் தேவை என்ற செய்தி அவற்றுக்கிடையே புதைந்து, மறுநாள்தான் என் கண்ணில் பட்டது. அறிவிப்புக்கு ஒரு குழு, உரையாடலுக்கு இன்னொன்று எனப் பிரித்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

இந்த நாட்டில் இருந்துகொண்டு இன்னும் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் அதை முகநூலில் நேரலையாகக் காட்டினான். வெறுப்பும் இதே கண்ணாடி வழியாகத்தான் வருகிறது. அதனால் தம் பக்கத்தில் பிற மதத்தாரை இழிவுபடுத்தும் பின்னூட்டம் விழுந்தால் பங்குத்தந்தை அதை அன்றே நீக்க வேண்டும். அடுத்தது, அரசுப் பராமரிப்பிலும் சமய அமைப்புகளின் பராமரிப்பிலும் நடந்த கொடுமைகளை ஆராய்ந்த அரச ஆணையம் 2024 ஜூலையில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அதற்குப் பிறகு எந்தக் குருவும் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ தனிச்செய்தி அனுப்பக் கூடாது. பீடச்சிறுவர் குழுவில் பெற்றோரும் இருக்க வேண்டும். இதில் தளர்வுக்கு இடமில்லை. நல்ல குருக்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

புதிய கருவியைக் குருக்கள் கையிலெடுப்பது நமக்குப் புதிதல்ல. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. பதினாறு பக்கம்தான், தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அதைத் தந்த ஹென்றிக் அடிகளார் அதற்கு முன்பே ஏறத்தாழ 30 ஆண்டுகள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்களோடு வாழ்ந்து, அவர்கள் பேச்சைக் கற்றிருந்தார். அச்சு யாருக்காக என்பது அவருக்கு முகம்முகமாகத் தெரியும். இன்று வரிசை தலைகீழாகிவிட்டது. புதிதாக வரும் குரு முதலில் பக்கம் தொடங்குகிறார், வீடுகளுக்குப் பிறகு போகிறார், சில இடங்களில் போவதே இல்லை. நேரலையை நிறுத்தச் சொல்லவில்லை. படுக்கையில் கிடப்பவருக்கும் இரவுப்பணி செவிலியருக்கும் அது வேண்டும். ஆனால் நேரலையில் பார்க்கும் ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் மாதம் ஒருமுறையாவது நற்கருணையோடு ஒருவர் போக வேண்டும்.

பங்குத்தந்தைக்கு இதை நாம்தான் எளிதாக்கித் தர முடியும். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் நின்று அவரிடம் கைகுலுக்கும்போது, உங்கள் வீட்டில் திரையில் மட்டும் பூசை காணும் பெரியவரின் பெயரையும் வீட்டு முகவரியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.