புண்ணைப் பார்ப்பதும் ஆக்சிஜனைப் பார்ப்பதும்

சர்க்கரை நோயால் காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால், உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சையையும் மருத்துவர்கள் யோசிப்பார்கள். மூடிய அறைக்குள் வைத்து, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு அழுத்தத்தில் நோயாளியைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். ஒரு அமர்வு ஏறக்குறைய 90 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 30, 40 அமர்வுகள் வரை போகும். செலவும் அலைச்சலும் அதிகம். காது அடைத்து வலிக்கலாம், சிலருக்குத் தற்காலிகமாகக் கிட்டப்பார்வை கூடும். இவ்வளவையும் தாங்குகிறவர் பாதி வழியில் “புண் ஆறுகிறதா?” என்று கேட்டால், அவருக்கு நேர்மையான பதில் கிடைக்க வேண்டும். அந்தப் பதிலைத் தரும் வேலையைச் சாதாரணப் புகைப்படம் முதல் அகச்சிவப்புக் கேமரா வரை பல கருவிகளிடம் ஒப்படைத்து வருகிறோம். இந்தப் படங்கள் சிகிச்சையை எப்போது நிறுத்தலாம் என்று சொல்வதில் நன்றாக உதவுகின்றன. ஆக்சிஜன்தான் புண்ணை ஆற்றியது என்று நிரூபிக்கும் வலு அவற்றுக்கு இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

முதலில், பலரும் மட்டமாக நினைக்கும் சாதாரணப் புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வு, சர்க்கரை நோயால் கால்புண் வந்த 203 பேரைப் பின்தொடர்ந்தது. 12 வாரத்தில் முழுதும் ஆறியவர்களுக்கு, முதல் நான்கு வாரத்திலேயே புண்ணின் பரப்பு சராசரியாக 82 விழுக்காடு சுருங்கியிருந்தது. ஆறாதவர்களுக்கு 25 விழுக்காடுதான். நான்காம் வாரப் பரப்பளவு ஒன்றே இவ்வளவு சொல்கிறது. அதே ஆண்டு முதல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடும் இந்தச் சிகிச்சைக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: 30 நாளுக்கு ஒருமுறையாவது புண்ணை மதிப்பிட வேண்டும், அளந்து காட்டக்கூடிய முன்னேற்றம் இல்லையென்றால் தொடர்ந்து பணம் தராது. காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பலனில்லாத அமர்வுகளிலிருந்து நோயாளியைக் காப்பாற்றும் விதியும் இதுதான்.

அளக்கும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பரப்பு என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. நீள்வட்ட வடிவப் புண்ணுக்கு இது உண்மையைவிட 27 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். விளிம்பைக் கோடிட்டுக் கணக்கிடும் மென்பொருள் அந்தக் குறையைப் போக்கும். ஆனால் கேமராவின் கோணமும் தூரமும் வெளிச்சமும் ஒவ்வொரு முறையும் மாறினால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. செத்த சதையைச் சுத்தம் செய்த மறுநாள் புண் பெரிதாகத்தான் தெரியும். அதைப் பின்னடைவு என்று எழுதுவது தவறு. மேலே மூடிக்கொண்டு அடியில் எலும்பு சீழ்ப்பிடித்திருந்தால் படம் அழகாகவே இருக்கும். எலும்பு வரை போகிறதா என்று உலோகக் கம்பியால் தொட்டுப் பார்ப்பதும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பதும் அப்போதுதான் முக்கியமாகின்றன.

புகைப்படத்தை நம்பி எடுத்த பெரிய முடிவு ஒன்று உண்டு. கனடாவின் டொராண்டோவில் ஃபெடோர்கோவும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உண்மையான உயரழுத்த ஆக்சிஜன், மற்றவர்களுக்கு அதே போன்ற அறையில் குறைந்த அழுத்தத்தில் வெறும் காற்று. யார் எந்தப் பிரிவு என்று அறியாத ரத்தக்குழாய் அறுவை மருத்துவர், 12ஆம் வாரத்தில் குறிப்புகளையும் புகைப்படங்களையும் பார்த்து, “இந்தக் காலை எடுக்கும் நிலை வந்துவிட்டதா” என்று தீர்ப்பளித்தார். சிகிச்சைப் பிரிவில் 49இல் 11 பேர், மற்றப் பிரிவில் 54இல் 13 பேர் அந்த நிலையில் இருந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். நம்பிக்கையோ எதிர்பார்ப்போ இல்லாத கண் ஒன்று புண்ணைப் பார்த்தது; புகைப்படம் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் அந்த மருத்துவர் காலைத் தொடவில்லை, சூட்டை உணரவில்லை, நாடியைத் தடவவில்லை. அவர் எண்ணியது உண்மையில் எடுக்கப்பட்ட கால்களையும் அல்ல, எடுக்க நேரும் என்று கருதப்பட்ட கால்களை. சிகிச்சையை ஆதரிப்போர் இந்த இடத்தைத்தான் கடுமையாகத் தாக்கினார்கள். அது நியாயமான விமர்சனம்தான். ஆயினும், சுவீடனில் 94 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு நல்ல பலன் கண்டது என்பதற்காக மட்டும் டொராண்டோ முடிவை மறந்துவிட முடியாது.

புதிய கருவிகளிடம் வரும்போது சிக்கல் ஆழமாகிறது. அருககச்சிவப்பு ஒளியால் திசுவைப் படமெடுத்து, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று வண்ண வரைபடமாகக் காட்டும் கேமராக்கள் இப்போது புண் மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டன. தொட வேண்டாம், ஊசி வேண்டாம், சில நொடிகளில் முடிகிறது. வாராவாரம் ஒரே நிலையில் எடுத்தால் ரத்த ஓட்டத்தின் போக்கை ஓரளவு அறியலாம். ஆனால் உயரழுத்த அறை தருவது எது? சாதாரணக் காற்றிலேயே ஆரோக்கியமான நுரையீரலைக் கடக்கும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அறை கூடுதலாகச் சேர்ப்பது, பிளாஸ்மாவில் நேரடியாகக் கரையும் ஆக்சிஜன். சாதாரணமாக 100 மி.லி. ரத்தத்தில் 0.3 மி.லி. அளவே கரைந்திருக்கும், மூன்று மடங்கு அழுத்தத்தில் அது சுமார் 6 மி.லி. ஆகும். ஹீமோகுளோபினின் நிறத்தைப் பார்க்கும் கேமராவுக்கு இந்தக் கரைந்த பங்கு தெரிவதே இல்லை. மேலும், மிகுதியான ஆக்சிஜன் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். அமர்வு முடிந்த கையோடு ரத்த ஓட்டத்தைப் படமெடுத்தால் அது குறைந்திருப்பதாகக் காட்டக்கூடும். ஆகவே ஒரே நாளில் எடுத்த ‘முன்’ ‘பின்’ படங்களை வைத்து நல்லதோ கெட்டதோ சொல்வதை நான் ஏற்கவில்லை.

படம் தராத ஒரு பழைய அளவீடு இங்கே கைகொடுக்கிறது. தோலைச் சூடேற்றும் சிறு மின்முனையைப் புண்ணருகே ஒட்டி, தோல் வழியே வரும் ஆக்சிஜன் அழுத்தத்தை அளப்பது அது. 1,144 நோயாளிகளின் பதிவுகளை அலசி 2002இல் வெளியான ஆய்வில், வெளிக்காற்றைச் சுவாசிக்கும்போது எடுத்த அளவு முடிவை முன்கூட்டிச் சொல்வதில் தவறிவிட்டது. மிகக் குறைந்த அளவு இருந்தவர்களில் சிலரும் ஆறிவிட்டார்கள். அறைக்குள்ளேயே எடுத்த அளவு மேலாக இருந்தது: 200 மி.மீ. பாதரச அளவை எல்லையாக வைத்தால் நம்பகம் 74 விழுக்காடு. மின்முனை ஒட்டிய ஒரு சிறு இடத்தை மட்டுமே அது சொல்லும் என்பது பெரிய குறைதான். ஆனால் வெளியே எடுக்கும் வண்ணப் படம் சொல்லாததை, சரியான நேரத்தில், சரியான இடத்தில் அது சொல்கிறது. ஆக்சிஜன் செறிந்த அறையில் தீப்பிடிக்கும் அபாயம் அதிகம் என்பதால் சாதாரண மின்கருவிகளை உள்ளே கொண்டுபோக முடியாது. கேமராக்கள் வெளியிலேயே நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்மைப் போன்ற கருத்த தோலுடையவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். மெலனின் ஒளியை உறிஞ்சும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரே இதில் தடுமாறுவதை அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வு காட்டியது: கருவி நல்ல அளவு காட்டியபோதும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 விழுக்காட்டிலும் கருப்பினத்தவரில் 11.7 விழுக்காட்டிலும். புண்ணின் செஞ்சதையில் மெலனின் இல்லை, சுற்றியுள்ள தோலில் உண்டு. பாதத்தின் மேற்புறம் கருத்தும் உள்ளங்கால் வெளுத்தும் இருக்கும். சுற்றுத்தோலோடு ஒப்பிட்டுப் புண்ணை மதிப்பிடும் எந்தக் கேமராவும் இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டியதற்குச் சான்று காட்ட வேண்டும். கருவி வாங்கும் மருத்துவமனை முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இன்டோசயனின் பச்சைச் சாயம் ஏற்றி எடுக்கும் படம் ரத்தம் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று தெளிவாகக் காட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயில் ஊசி வேண்டும், ஒவ்வாமை அபாயமும் உண்டு. சிகிச்சை தொடங்குமுன் ஒருமுறை எடுப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. குழாய் அடைப்பு இருந்தால் அதை முதலில் நீக்க வேண்டுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். 40 அமர்வு முடிந்தபின் தெரிய வருவதால் யாருக்கும் பயனில்லை.

எனவே ஒரு மையம் குறைந்தபட்சம் செய்ய வேண்டியது இது: தொடக்கத்தில் ரத்த ஓட்டச் சோதனை, முதல் சில அமர்வுகளுக்குள் அறைக்குள் ஒரு ஆக்சிஜன் அளவு, வாரந்தோறும் ஒரே கோணத்தில் விளிம்பு வரைந்த புகைப்படம், நான்காம் வாரத்தில் சிகிச்சையில் பங்கில்லாத ஒருவரின் மதிப்பீடு. அந்தப் படங்களை நோயாளியிடமும் அவர் வீட்டாரிடமும் கொடுத்து, பரப்பு எவ்வளவு குறைந்தது என்று எண்ணில் சொல்ல வேண்டும். அடுத்த 20 அமர்வுக்கு வருவதா வேண்டாமா என்பதை அவர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.