இரட்சணிய யாத்திரிகத்தில் பருவமும் பக்குவமும்

தமிழுக்குக் கிறித்தவர் ஆற்றிய தொண்டைப் பேசப் புகுவோர், தேம்பாவணியை முதலிலும் இரட்சணிய யாத்திரிகத்தை அடுத்தும் கூறி, பின்னதன் ஆசிரியரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளையைக் 'கிறித்தவக் கம்பர்' என்று போற்றி, அவ்வளவில் அமைந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்பட்டம் அவருக்குப் பெருமை சேர்த்தது உண்மையே. ஆயினும் அது ஒரு தீங்கும் செய்தது என்பது நம் எண்ணம். கம்பரின் சாயல் எந்தெந்தப் பாட்டில் உள்ளது என்று தேடுவதிலேயே ஆய்வாளர் கவனம் சென்றது. அந்நூல் என்ன சொல்ல வந்தது என்னும் கேள்வி பின்தங்கிவிட்டது.

அதனை மதம் மாறிய ஒருவரின் மனமாற்றக் காவியம் என்று கொள்வார் உளர். ஆசிரியரின் வரலாறு அதற்கு இடம் தருவது போலத் தோன்றும். நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில், 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பராமாயணத்தில் தோய்ந்தவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராய் இருந்தவர், 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். ஆனால் காவியம் நூலாக வெளிவந்த ஆண்டோ 1894. இடையே 36 ஆண்டுகள் கழிந்துள்ளன. அவற்றுள் பதின்மூன்று ஆண்டுகள் 'நற்போதகம்' என்னும் மாத இதழில் அது தொடராக வந்துகொண்டிருந்தது. நூல் முழுமையாய் அச்சேறியபோது ஆசிரியருக்கு அகவை 67. மனம் மாறிய செய்தியைப் பாட இத்தனை ஆண்டு வேண்டுவதில்லை. மாறிய பின் ஒருவன் எவ்வாறு முதிர்கிறான் என்பதைப் பாடுவதற்கே அத்தனை காலம் வேண்டும். இக்காவியத்தின் பொருள் அம்முதிர்ச்சியே என்பது நாம் ஈண்டு நிறுவ முயல்வது.

இதன் மூலநூல் ஆங்கிலத்தில் ஜான் பன்யன் எழுதிய உருவகக் கதை. பன்யன் பெட்போர்டு நகருக்கு அருகே பிறந்த ஏழை. ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைத்துப் பிழைத்தவர். அரசின் இசைவின்றிச் சமயம் பேசியதற்காக 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தவர். அவருடைய நூலின் முதற்பகுதி 1678-இல் வெளிவந்தது. நாச நகரத்தை விட்டுப் புறப்படும் ஒருவன், முதுகில் பாவச் சுமையோடு விண்ணக நகரை நோக்கி நடக்கும் கதை அது. சிலுவையின் முன் வந்து நின்றதும் அவன் சுமை தானே அவிழ்ந்து உருண்டு விழுகிறது.

இங்கே படிப்போர் ஒன்றைக் கருத வேண்டும். சுமை விழுவது கதையின் முடிவில் அன்று. தொடக்கத்தை ஒட்டியே விழுந்துவிடுகிறது! மலையேற்றம், பூதத்தோடு போர், மரண நிழலின் பள்ளத்தாக்கு, மாயச் சந்தை, தோழனின் கொலை ஆகிய அனைத்தும் அதற்குப் பின்னரே வருகின்றன. அலுவலகத்தில் வேலை நிரந்தரமானவுடன் இனி உழைக்க வேண்டுவதில்லை என்று எண்ணுவோரை நாம் அறிவோம். சமயத்திலும் அத்தகையோர் பலர். அன்றியும், ஆண்டுதோறும் தானே வந்து சேரும் ஊதிய உயர்வைப் போல ஆன்மிகப் பக்குவமும் வந்து சேரும் என்பது அவர்தம் நம்பிக்கை. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபையாரைக் கடிந்துகொண்டது இதற்காகவே அன்றோ? பாலுண்ணும் பருவம் கடந்தும் திட உணவுக்கு அவர்கள் ஆயத்தமாகவில்லை என்பதே அவரது குறை.

கிருஷ்ணபிள்ளை இக்கருத்தை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் நூலைப் பகுத்த முறையே சான்று. மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட செய்யுட்களை ஆதி, குமாரம், நிதானம், ஆரணியம், இரட்சணியம் என ஐந்து பருவங்களாக அவர் அமைத்தார். கம்பரைப் பின்பற்றியவர் 'காண்டம்' என்னும் சொல்லை ஏன் கொள்ளவில்லை? பாரதத்தின் வழக்கைத் தழுவிப் 'பருவம்' என்றார் என்பது வெளிப்படை. ஆதி பருவம், ஆரணிய பருவம் என்னும் பெயர்களும் பாரதத்தில் உள்ளனவே. ஆயினும் தமிழில் பருவம் என்பது நூற்பகுப்பை மட்டும் குறிக்கும் சொல் அன்று. அது பயிரின் காலத்தையும், பிள்ளையின் வளர்ச்சியையும், கனியின் பதத்தையும் குறிக்கும். 'குமாரம்' என்பதும் இளமைக்கு ஆகும், இறைமகனுக்கும் ஆகும். இச்சொற்களை அவர் அறிந்தே ஆண்டார் என்று கொள்வதே பொருத்தம்.

இரண்டாவதான குமார பருவத்திலேயே இயேசு பெருமான் பட்ட பாடுகள் விரிவாகப் பாடப்படுகின்றன. பன்யன் இவற்றைத் தனிக் கதையாகச் சொல்லவில்லை. இது நம் புலவர் சேர்த்தது. மீட்பின் செயல் அங்கே நிறைவேறிவிடுகிறது. எனினும் காவியம் நின்றுவிடவில்லை. இன்னும் மூன்று பருவங்கள் நீள்கின்றன. அவற்றுள் ஒன்று காடு! இரட்சணியம் என்னும் பெயரோ ஐந்தாம் பருவத்துக்கே வைக்கப்பட்டுள்ளது. பெற்ற மீட்பு ஒருவனிடத்தில் பழுத்து முற்றுவதற்கு இடைப்பட்ட நெடுவழி தேவை என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

அந்நெடுவழியில் பன்யன் வைத்த இரு காட்சிகள் நம் சிந்தனைக்கு உரியவை. ஒன்று ஐயக்கோட்டை. பல இடர்களை வென்று தேறிய யாத்திரிகன், பாதை கரடுமுரடாய் இருக்கிறதென்று அருகிருந்த புல்வெளியில் இறங்குகிறான். பின்வந்த இளந்தோழனையும் இழுத்துச் செல்கிறான். இருவரும் விரக்தி என்னும் அரக்கனிடம் சிக்கிப் புதன் முதல் சனி வரை இருட்டறையில் கிடக்கின்றனர். சனி நள்ளிரவில் தொடங்கி விடியுமட்டும் இறைவனை வேண்டிய பின்னரே, தன் மடியில் வாக்குறுதி என்னும் திறவுகோல் இருப்பது மூத்தவனுக்கு நினைவு வருகிறது. அது புதிதாகக் கிடைத்ததன்று. அத்தனை நாளும் அவனிடமே இருந்தது.

மற்றொன்று இறுதி ஆறு. நகரின் வாயில் கண்ணுக்குத் தெரிகிறது. இடையே பாலமில்லாத மரண வெள்ளம். ஆழமோ அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ப மாறுவது. அங்கே அஞ்சி அமிழ்பவன் யார்? பூதத்தோடு பொருத அந்த மூத்த யாத்திரிகனே! அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடிப்பவன் பின்னாளில் வந்து சேர்ந்த இளையவன். முதிர்ந்தவனுக்கு அச்சமே இராது என்று வேறோர் ஆசிரியர் எழுதியிருப்பார். பன்யன் அவ்வாறு பொய் சொல்லவில்லை.

இனிக் குறைகளையும் கூற வேண்டும். பன்யனின் நடை சந்தையில் பேசுவோர் நடை. கிருஷ்ணபிள்ளையின் நடை வித்துவான்கள் கூடிய அவைக்கு உரியது. வருணனைகள் சில இடங்களில் யாத்திரிகனை நடக்கவிடாமல் நிறுத்திவிடுகின்றன. வடசொற்கள் அடர்ந்த பாடல்களில் உரையின் துணையின்றி நுழைய இயலாது. அதனால்தான் போலும், கிறித்தவக் குடும்பங்களில் 'மோட்ச பிரயாணம்' என்னும் உரைநடை மொழிபெயர்ப்பு இடம்பெற்ற அளவுக்கு இக்காவியம் இடம்பெறவில்லை. புலவர்களோ இதனைச் சமய நூலென்று ஒதுக்கினர். இருசாராராலும் கைவிடப்பட்டது நூலின் தலைவிதி.

ஆனால் இக்குறைகளை ஈடுசெய்வன இடையிடையே வரும் தேவாரங்கள். ஆம், அப்பெயரையே நம் புலவர் தம் இசைப்பாடல்களுக்கு இட்டார். வருணனையின் ஆரவாரம் அங்கே அடங்கிவிடுகிறது. அடியான் ஒருவன் தன் இறைவனிடம் நேரே பேசுகிறான். சைவ, வைணவ அடியார்களின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த செவிக்கு அவை அயலாகத் தோன்றமாட்டா. பழைய வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர் அவ்வீட்டின் மொழியை எறிந்துவிடவில்லை. அதனைக் கொண்டே புதிய இறைவனை அழைத்தார். பிறந்த மண்ணைவிட்டு வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் குடியேறி, எதனைக் கைக்கொள்வது, எதனை நெகிழவிடுவது என்று நாளும் தடுமாறும் நம் போன்றோர், எச்சமயத்தினராயினும், இதனைக் கருதிப் பார்த்தல் தகும்.

மறுநாட்டுக்குப் போவதையே பாடிய இந்நூலை நம் பிள்ளைகளிடம் கொடுத்தால் படிப்பார்களா என்று சங்க அன்பர்கள் கேட்கக்கூடும். முதல் ஏட்டிலிருந்து படிக்கச் சொன்னால் படிக்கமாட்டார்கள். கதையை முதலில் வாயால் சொல்லி, குமார பருவத்தில் சிலுவைப்பாட்டுப் பகுதியைப் பதம் பிரித்துக் காட்டி, பின்னர்த் தேவாரங்களுள் ஒன்றை யாரேனும் பாடிக் கேட்கச் செய்யலாம். ஆரணிய பருவத்தை ஓராண்டு கழித்துத் தொடங்கினாலும் தாழ்வில்லை.