தூண்டிலில் ஒரு சக்கரம்

தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு சீனப் பட்டோவியம் இருக்கிறது. தென் சொங் காலத்து ஓவியர் மா யுவான் தீட்டியது. விரிந்த ஏரி, சிறு படகு, அதில் குனிந்து அமர்ந்து தூண்டில் போடும் ஒருவர். சுற்றிலும் வெறுமை.

அந்தத் தூண்டில் கோலைப் பாருங்கள், ஒரு குட்டிச் சக்கரம்!

1195ஆம் ஆண்டையொட்டிய இந்த ஓவியம், தூண்டில் சக்கரத்தைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று. கோலின் நுனியில் முடிந்துகிடந்த நூலுக்கு அச்சக்கரம் நீளம் கொடுத்தது. ஆழம் வேண்டுமென்றால் நூலை விடலாம். பெரிய மீன் இழுத்தால், அறுந்துபோகாமல் விட்டுப் பிடிக்கலாம். என்ன நேர்த்தியான யோசனை! இங்கிலாந்துப் புத்தகங்களில் இத்தகைய சக்கரம் 17ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது.

மா யுவானுக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், தாங் காலக் கவிஞர் லு குய்மெங் மீன்பிடிக் கருவிகளையே பாடுபொருளாக்கித் தொடர் கவிதைகள் எழுதினார். நண்பர் பி ரிசியு அவற்றுக்குப் பதில் கவிதைகள் பாடினார்.