வரிசையில் நிற்கும் வாலிபால்

நாகப்பட்டினம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான். பி.டி. சார் வலைக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் எதிரே வரிசை கட்டியிருக்கிறார்கள். அவர் பந்தை எறிய, முதலில் நிற்கும் பிள்ளை முழங்காலை மடக்கி அண்டர்ஹேண்டில் திருப்பிவிட்டு வரிசையின் கடைசிக்கு ஓடுகிறது. பிறகு அடுத்த பிள்ளை.

இதைக் கேலி செய்வது சுலபம். ஓர் ஆசிரியர், ஒன்றிரண்டு பந்து, நாற்பது பிள்ளைகள் என்ற நெருக்கடியில் பிறந்த ஏற்பாடு இது. அதற்கு அழுத்தமான நியாயமும் உண்டு. வாலிபாலில் பந்தைப் பிடித்து நிதானிக்க முடியாது; பட்ட கணத்தில் அனுப்பியாக வேண்டும். இரண்டு கட்டைவிரலும் சேர்ந்திருக்கின்றனவா, பந்து முன்கையில் படுகிறதா, கையை வீசாமல் காலால் எழும்புகிறார்களா என்று ஒவ்வொருவராகப் பார்த்துத் திருத்த வரிசைதான் தோது. கூச்சப்பட்டு ஒதுங்கும் பிள்ளைக்கும் அதில் முறை வந்தே தீரும்.

ஆனால் கணக்குப் போட்டால் குறை தெரிந்துவிடும். ஓர் எறிதலுக்கு 10 நொடி என்றால் 40 நிமிட வகுப்பில் 240 எறிதல். நாற்பது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 6. ஒரு நிமிடப் பயிற்சிக்கு 39 நிமிடக் காத்திருப்பு.

அந்த ஆறு தொடலும்கூட முழு ஆட்டமாகாது. சார் எறியும் பந்து எங்கே வரும் என்று பிள்ளைக்கு முன்பே தெரியும். போட்டியில் எதிரணியின் சர்வீஸ் 9 மீட்டருக்கு அப்பாலிருந்து வரும். யாரைத் தேடி வருகிறது என்பதை அது காற்றில் இருக்கும்போதே கணிக்க வேண்டும். குறுவட்டப் போட்டிகளில் அடிக்கடி காணும் சோகம் இதுதான்: கையமைப்பு கச்சிதமாக உள்ள இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, பந்து நடுவில் விழுகிறது.

அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கத்துக் கடற்கரை மணலில் ஆடி வளர்கிற பையனிடம் இந்தத் தடுமாற்றம் குறைவு. வாடைக்காற்றில் பந்து எப்படித் திரும்பும், கச்சான் காற்றில் எவ்வளவு இழுக்கும் என்பது அவன் காலுக்கே தெரியும். அதற்காக மணல் ஆட்டத்தை ஒரேயடியாகக் கொண்டாடிவிடவும் முடியாது. பெரியவர்கள் ஆட, சின்னவர்கள் பந்து பொறுக்கும் இடம் அது. பெண் பிள்ளைகளை அங்கே காண்பது அரிது. அவர்களுக்குப் பள்ளி மைதானம் ஒன்றே கதி. விரித்த உள்ளங்கையால் பந்தைத் தாங்கித் தூக்கும் பழக்கமும் மணலில்தான் ஊறுகிறது. போட்டியில் நடுவர் விசில் ஊதும்போதுதான் அது தப்பு என்றே தெரியவரும்.

இவற்றைவிடப் பெரிய பிழை, உயரத்தைப் பார்த்து இடம் ஒதுக்குவது. நெட்டையானவன் அடிப்பான், குட்டையானவன் தூக்கிக் கொடுப்பான் என்று ஏழாம் வகுப்பிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வளர்த்தி எல்லோருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. இன்றைய நெட்டை பத்தாம் வகுப்பில் சராசரியாகிவிடலாம். அப்போது அவனுக்கு அடிப்பதைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. எலும்பு முற்றாத வயதில் ஓயாமல் குதிக்கவைத்தால் முழங்கால் வலி வேறு. சுழற்சி முறையில் எல்லோரும் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் மாற வேண்டும் என்ற விதியின் நோக்கமே இதில் அடிபட்டுப்போகிறது.

கடும் பயிற்சிக்கு வாதாடுவோர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கைக் காட்டுவார்கள். பயிற்சியாளர் டைமாட்சு, உருண்டு பந்தெடுக்கும் உத்தியை இரவு பகலாகப் பழக்கித்தான் ஜப்பான் பெண்களுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். உண்மைதான். ஆனால் அவர்கள் வளர்ந்த பெண்கள். அணியில் பெரும்பாலோர் ஒரே நூற்பாலையின் ஊழியர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. பிள்ளைகளுக்கு ஏற்றவர் வில்லியம் மார்கன். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் நடுவயதுக்காரர்கள் மூச்சு வாங்காமல் ஆடட்டும் என்றுதான் இந்த ஆட்டத்தையே அவர் உருவாக்கினார். வலையை 6 அடி 6 அங்குலத்தில் கட்டினார்; ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கவில்லை. ஆடுபவருக்கு ஏற்ப ஆட்டத்தை வளைப்பது இந்த விளையாட்டின் பிறவிக் குணம். இன்று பெரியவர்களுக்கான 2.43 மீட்டர், 2.24 மீட்டர் வலைகளைப் பிள்ளைகள் தலைக்கு மேல் கட்டிவிட்டு, எட்டவில்லையே என்று குறைபடுகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. மைதானத்தின் குறுக்கே ஒரு நீளக் கயிற்றைத் தாழ்வாகக் கட்டினால் அதுவே நான்கு சிறு களங்களுக்கு வலை. பக்கத்துக்கு மூன்று பேர். தொடக்கத்தில் பந்து ஒருமுறை தரையில் குத்தி எழும்பலாம். முதல் பத்து நிமிடம் வரிசை, பிறகு ஆட்டம். இதிலும் சிக்கல் உண்டு: நான்கு பந்தாவது வேண்டும், நான்கு களத்தில் ஒரே ஆசிரியரின் கண் எல்லோர் கையிலும் இருக்காது, கையமைப்பு கொஞ்சம் தளரும். ஐப்பசி, கார்த்திகையில் மைதானமே குளமாகிவிடும் ஊரில், வரிசைப் பயிற்சிக்கு வராந்தாவாவது மிஞ்சும்.

ஆனாலும் தளர்ந்த கையை இன்னொரு வகுப்பில் இறுக்கிவிடலாம். இருவருக்கு நடுவே வரும் பந்துக்கு "எனக்கு!" என்று கத்துகிற குரல், பக்கத்தில் இன்னொரு ஆள் நின்று ஆடும்போதுதான் வரும்.