பேச்சுரிமையும் மில்டனும்

கருத்துரிமைக்காக எழுந்த நூல்களுள் பெரிதும் போற்றப்படுவது, ஆங்கிலக் கவி ஜான் மில்டன் 1644இல் வெளியிட்ட 'அரியோபஜிட்டிகா' ஆகும். அதிகாரியின் அனுமதி பெற்ற பின்னரே எந்நூலும் அச்சேற வேண்டுமென்று இங்கிலாந்துப் பார்லிமெண்டு 1643இல் பிறப்பித்த உத்தரவை இது கண்டிக்கின்றது. அவ்வனுமதி பெறாமலே இது அச்சாயிற்று!

வாக்கியங்கள் நீண்டு வாசிப்போரை மூச்சுமுட்டச் செய்யினும் வாதம் தெளிவானது. கட்டுப்பாடே வேண்டாமென்று மில்டன் கூறினாரில்லை. அச்சிட்டவர் பெயரேனும் பதிவாக வேண்டும். அவதூறு நூல் வெளிவந்த பின் தண்டிக்கப்படலாம் என்கிறார். அதாவது, முன்கூட்டியே வாயைக் கட்டலாகாது; பேசியவன் பின்னர்ப் பொறுப்பேற்க வேண்டும். இந்நியாயத்தை நாம் முழுமனத்துடன் ஏற்கிறோம்.

குறை யாதெனில், கத்தோலிக்க மதத்திற்கு இவ்வுரிமை இல்லையென்று அவரே விலக்கினார். 1651இல் அரசாங்கச் சார்புள்ள செய்தித்தாளொன்றுக்கு அனுமதி வழங்கும் வேலையையும் ஏற்றார்.

நேயர்களே! அவரை நகைக்குமுன் நம்மை நோக்குவோம். வைதிகர் நம் வாயை அடைத்தால் அநீதி என்கிறோம். நமது வாசகசாலைக் கூட்டத்தில் வைதிகர் ஒருவர் வினவ எழுந்தாலோ, "உட்காரும்!" என்று கூச்சலிடுகிறோம். இது சீர்திருத்தமா?

தலைமை வகிப்போர் வசைமொழியைத் தடுக்கட்டும். பேசும் நேரத்தை வரையறுக்கட்டும். பெயரின்றி வரும் பழிக் கடிதங்களைக் கிழித்தெறியட்டும். ஆனால், பிடிக்காத அபிப்பிராயம் என்பதற்காக மட்டும் எவரையும் அமர்த்தலாகாது. அவ்விதி நம்மவருக்கும் பிறருக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

சங்கத் தலைவர்கள் இந்நூலையும், இதன் ஆசிரியர் செய்த பிழையையும் சேர்த்தே படிப்பார்களாக.